சாய்விருக்கை டிரைக்கில் சைக்கிள் தடங்களும் குறுகிய பாதைகளும்: இங்கிலாந்தில் ஓட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

மூன்று சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் டிரைக்குக்கு பேலன்ஸ் தேவையில்லை. நடப்பவரைவிட மெதுவாக ஊர்ந்து போகலாம், நின்றால் காலை ஊன்ற வேண்டாம். மூட்டு வலி, முதுகு வலி, பக்கவாதத்துக்குப் பின் வரும் தடுமாற்றம் என்று இரண்டு சக்கர சைக்கிளை விட்டவர்கள் பலருக்கு வெளியுலகத்தைத் திருப்பிக் கொடுத்த வண்டி இது. ஆனால் பேலன்ஸ் தொல்லை போன இடத்தில் அகலத் தொல்லை வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண சைக்கிள் தரையில் போடுவது ஒரே கோடு, டிரைக் போடுவது மூன்று கோடு. ஒவ்வொரு பள்ளம், கம்பம், கரை விளிம்புக்கும் அந்த மூன்று கோடும் எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குறுகிய பாதையில் டிரைக் ஓட்டுவதில் இருக்கிற வித்தை பெரும்பாலும் அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பாதைகளை வைத்து இதை எழுதுகிறோம். பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பிரிஸ்டல்–பாத் பாதை மாதிரி தாராளமான தார்ப்பாதையும் அங்கே உண்டு, கால்வாய்ப் பாலத்துக்குக் கீழே ஒரு மீட்டருக்குச் சுருங்கும் கரைப்பாதையும் உண்டு.

அளவுநாடாவோடு தொடங்குங்கள்

டிரைக்கில் இரண்டு வகை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்றால் டாட்போல். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்றால் டெல்டா. கேட்ரைக், ஸ்கார்ப்பியன் எல்லாம் முதல் வகை, ஹாசே கெட்வீசல் இரண்டாம் வகை.

குறுகிய இடத்தில் இந்த வேறுபாடு பெரிது. டாட்போலில் அகலமான பகுதி உங்கள் இடுப்புக்கு இருபுறமும் கண்ணெதிரே இருக்கிறது. முன்சக்கரம் இரண்டும் நுழைந்துவிட்டால் பின்பக்கமும் நேராக நுழைந்துவிடும். டெல்டாவில் ஒல்லியான மூக்கு சுலபமாகப் போகும், அகலமான பின்பக்கம் உங்கள் முதுகுக்குப் பின்னால் கம்பத்தில் இடிக்கும். டெல்டா ஓட்டுபவர் கண்ணாடியைப் பார்த்தே இடைவெளியைக் கடக்கப் பழக வேண்டும். இனி வருவது பெரும்பாலும் டாட்போலுக்கானது. டெல்டாவுக்கு மாறும் இடங்களைத் தனியே சொல்கிறோம்.

நான்கு அளவுகளை எடுத்து, ஒரு டேப்பில் எழுதி பூம் மேல், அதாவது பெடலைத் தாங்கி முன்னே நீளும் குழாய் மேல், ஒட்டிவிடுங்கள்.

1. மிக அகலமான இடம். டயருக்கு டயர் அளந்தால் போதாது. ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) முனையும் கண்ணாடியும் அதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலான டாட்போல்கள் 75 முதல் 85 செ.மீ.க்குள் இருக்கும்.
2. மொத்த நீளம், பெடல் சுற்றின் முன்முனையிலிருந்து பின்டயர் வரை. ஏறக்குறைய 2 மீட்டர்.
3. தரைக்கும் வண்டியின் மிகத் தாழ்ந்த பகுதிக்கும் உள்ள இடைவெளி. பல வண்டிகளில் 10 செ.மீ. அளவுதான் இருக்கும்.
4. திரும்பும் வட்டம். காலி மைதானத்தில் ஹேண்டிலை முழுக்க ஒடித்து ஒரு சுற்று வந்து, வெளிச்சக்கரம் போட்ட வட்டத்தின் விட்டத்தை அளங்கள். 5 மீட்டருக்கு ஒட்டி வருவது வழக்கம்.

இன்னொன்று செய்துவைத்தால் வழியில் ரொம்ப உதவும். தாழ்வான வண்டி கண்ணில் படுவதற்காகக் கட்டும் கொடிக்கம்பில் உங்கள் வண்டியின் அகலத்துக்குச் சமமான இடத்தில் ஒரு சிவப்பு டேப் சுற்றிவையுங்கள். சந்தேகமான இடைவெளி வந்தால் கம்பைக் கழற்றி இரண்டு கம்பங்களுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தால் போதும்.

2020 ஜூலையில் இங்கிலாந்து அரசு வெளியிட்ட எல்டிஎன் 1/20 என்ற வடிவமைப்பு வழிகாட்டி, சைக்கிள் என்பது 2.8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் வரை இருக்கும் என்று வைத்துக்கொண்டே பாதை போடச் சொல்கிறது. கம்பங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதன்படி அமைத்த புதிய பாதையில் டிரைக்குக்குத் தடையே வராது. தடை வருவதெல்லாம் அதற்கு முன் போட்ட பாதைகளில்தான்.

வண்டியைத் தயார் செய்தல்

முதல் வேலை பாதத்தைப் பெடலோடு கட்டுவது. இதை விருப்பம் என்று நினைக்காதீர்கள், கட்டாயம். டிரைக்கில் பாதம் பெடலிலிருந்து நழுவினால் குதிகால் தரையில் படும், வண்டி முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், கால் முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே இழுக்கப்பட்டு மடங்கும். கணுக்காலோ முழங்காலோ உடையக்கூடும். கரடுமுரடான பாதையின் குலுக்கலில்தான் பாதம் நழுவும் வாய்ப்பு அதிகம். ஷூவின் அடியில் கிளீட் என்ற பூட்டுத்துண்டை மாட்டி பெடலில் பூட்டிக்கொள்வது ஒரு வழி. அது பிடிக்காதவர்களுக்குக் குதிகாலைத் தாங்கும் பட்டையோடு வரும் பெடல் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் குறுகிய பாதைக்குள் போகாதீர்கள்.

அடுத்து பூம் நீளம். ஷூவோடு உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து நன்றாக முன்னால் தள்ளினால் முழங்கால் நேராக வேண்டும். பாதத்தைச் சரியான இடத்துக்கு மாற்றியதும் சிறு மடிப்பு மிஞ்சும், அதுதான் அளவு. பூமை இழுத்தாலோ தள்ளினாலோ செயின் நீளமும் மாற வேண்டியிருக்கும். டிரைக் செயின் சாதாரண சைக்கிள் செயின் மூன்றைக் கோத்த நீளம் என்பதால் இரண்டு மூன்று கண்ணி கூட்டுவதோ கழிப்பதோ சகஜம்.

முன்சக்கரங்களின் நேர்த்தியைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு முன்சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாக, முன்பக்கம் மட்டும் 1 அல்லது 2 மி.மீ. உள்ளே சாய்ந்து இருக்க வேண்டும். சரிபார்க்கும் முறை:

– சமதரையில் ஒருவரை இருக்கையில் உட்கார வையுங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும்.
– ரிம்மின் முன்பக்கம், ஹப் உயரத்தில், இடது ரிம்முக்கும் வலது ரிம்முக்கும் உள்ள தூரத்தை அளங்கள்.
– அதே உயரத்தில் பின்பக்கம் அளங்கள். முன் அளவு 1–2 மி.மீ. குறைவாக இருந்தால் சரி.
– இல்லையென்றால் இரண்டு முன்சக்கரங்களையும் சேர்க்கும் இணைப்புக் கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி மறுபடி அளங்கள். முடிந்ததும் நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

இந்த அளவு கெட்டுப்போனால் சக்கரம் உருளாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். டயரில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் தொடர்ந்து கேட்கும், மிதிக்க பாரமாக இருக்கும். டயரைக் கையால் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரியும் படும். புது டயர்கூட சில நூறு கிலோமீட்டரில் போய்விடும்.

பிரேக்கில் இடது கைப்பிடி ஒரு முன்சக்கரத்துக்கும் வலது கைப்பிடி இன்னொரு முன்சக்கரத்துக்குமாக இருக்கும். இரண்டும் ஒரே இழுப்பில் பிடிக்க வேண்டும். நடை வேகத்தில் போய் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் வாரினால் அந்தப் பக்கப் பிரேக் முந்துகிறது, மறுபக்கக் கேபிளை இறுக்குங்கள். அகலமான சாலையில் அரை அடி வாரினால் ஒன்றும் ஆகாது, கால்வாய்க் கரையில் அந்த அரை அடிதான் மொத்த இடமே. நிறுத்திவைக்கும் பூட்டு பிரேக்கும் நன்றாக வேலை செய்யட்டும். டிரைக்கில் ஏறுவதும் இறங்குவதும் அதை நம்பித்தான்.

டயர் 20 அங்குலம், 406 அளவு (ரிம்மின் விட்டம், மி.மீ.) என்றால் முன்பக்கத்துக்கு 40 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். வழியோரப் புதர்களை வெட்டிய முள் கிடக்கும் பாதைகள் இவை, அதனால் ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் மாதிரி தடித்த பட்டை உள்ளே இருக்கும் டயர் நல்லது. முன்சக்கர அச்சு ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருப்பதால் சக்கரத்தைக் கழற்றாமலே டயரைப் பிரித்து பஞ்சர் ஒட்டலாம்.

இரு பக்கமும் கண்ணாடி, சத்தமான பெல், தலைக்கு மேல் உயரும் கொடி ஆகிய மூன்றும் வேண்டும். மரக்கிளை தாழ்ந்த பாதையில் கொடிக்கம்பு சிக்கும், ஆகவே வளையும் ஃபைபர் கம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆறு பாட்டிலும் ஒரு காலி கார் பார்க்கும்

தண்ணீர் நிரப்பிய ஆறு பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்துக்கொண்டு காலையில் ஆளில்லாத கார் பார்க்குக்குப் போங்கள். இரண்டு பாட்டிலை வண்டி அகலத்தோடு 40 செ.மீ. கூட்டி வைத்துக் கடங்கள். பிறகு 20, பிறகு 10. பத்து செ.மீ. இடைவெளியை நடை வேகத்தில் ஐந்து தடவை தொடாமல் கடந்தால் உங்கள் கண்ணுக்கு அகலம் பிடிபட்டுவிட்டது.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே போவது. பார்க்கும் பக்கம் கை இழுக்கும், வண்டியும் அந்தப் பக்கமே சாயும். பத்து மீட்டர் தொலைவிலேயே இடைவெளியின் நடுவைப் பார்த்து வண்டியை நேராக்கிவிடுங்கள். நெருங்கும்போது வலது சக்கரத்தை ஒரு கணம் ஓரக்கண்ணால் பாருங்கள். வலது பக்கம் தப்பினால் போதும் என்று எண்ணாமல், அங்கே கூடுதல் இடத்தில் பாதியை மட்டும் விட்டால் மீதி தானாகவே இடது பக்கம் சேரும்.

அடுத்து பாட்டில்களை வளைவாக வையுங்கள். வளைவில் பின்சக்கரம் முன்சக்கரங்களின் நடுக்கோட்டில் வராது, உட்பக்கமாக வெட்டி வரும். டெல்டாவில் உட்பக்கப் பின்சக்கரம் இன்னும் மோசமாக வெட்டும், மூலையில் இருக்கும் பாட்டில் விழுவது அதனால்தான். மூக்கைக் கொஞ்சம் அதிகம் முன்னே விட்டு, தாமதமாக ஒடிக்க வேண்டும்.

பின்னால் போவதையும் இங்கேயே பழகுங்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வண்டி நகராது. இரண்டு கையையும் இறக்கி முன்டயர்களை நேரடியாகப் பிடித்து, வீல்சேரை உருட்டுவதுபோலப் பின்னால் தள்ள வேண்டும். கையுறை இல்லாமல் செய்தால் ஈரமண்ணும் கூர்க்கல்லும் உள்ளங்கையைக் கிழிக்கும். மட்கார்டு போட்ட வண்டியில் கை பிடிக்க இடம் எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்துவையுங்கள்.

சாலையோரத் தடத்தில்

பெயின்ட் கோடு போட்ட பழைய தடங்கள் பலவும் 1.5 மீட்டருக்கும் குறைவு. 80 செ.மீ. வண்டி அதற்குள் அடங்கிவிடும் என்றாலும், இடது சக்கரம் ஓரச் சாக்கடைக் கம்பி மூடியிலும் உடைந்த கண்ணாடியிலும் உருளும். சாதாரண சைக்கிள் சிறிது விலகித் தப்பும். டிரைக்கில் ஒரு சக்கரம் தப்பினால் இன்னொன்று மாட்டும். பள்ளத்தை முன்சக்கரங்களுக்கு நடுவே விட்டுப் போனால் பின்சக்கரம் நேராக அதில் இறங்கி இருக்கை வழியாக முதுகில் குத்தும். எனவே பள்ளம் ஒரு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட பட்டையில் போகும்படி வண்டியைக் கால் மீட்டர் நகர்த்துங்கள். இந்தப் பட்டை ஒவ்வொன்றும் 30 செ.மீ. சுமார்தான், அதற்கு மேல் அகலமான பள்ளம் என்றால் வேகத்தைக் குறைத்து ஒரு முன்சக்கரத்தை மட்டும் பலிகொடுங்கள்.

சைக்கிள் தடத்தில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இங்கிலாந்தில் இல்லை, அந்நாட்டின் சாலை விதிநூலான ஹைவே கோடின் 61-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. தடம் உடைந்தோ ஒடுங்கியோ இருந்தால் சாலைத் தடத்தின் நடுவுக்கு வருவது உங்கள் உரிமை. முன்கூட்டியே கண்ணாடி பார்த்து, கையைத் தோளுக்கு மேல் உயர்த்திக் காட்டி வெளியே வாருங்கள். தாழ்வான வண்டியில் கையைக் கிடையாக நீட்டினால் பின்னால் வருபவருக்குத் தெரியாது.

ரப்பர் மேடுகள் வரிசையாகப் பதித்துப் பிரித்த தடத்தில் வலது சக்கரத்தை மேட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். வேகத்தில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறினால் வண்டி தூக்கிவிடும். நடைபாதை விளிம்பு தாழ்ந்த இடத்தில் ஏறும்போதும் அதே காரணம்: இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் விளிம்பைத் தொடும்படி நேர்க்கோணத்தில் ஏறுங்கள்.

சந்திகளில் ஒரு விஷயம் எப்போதும் நினைவிருக்கட்டும். உங்கள் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 80 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது, உங்கள் பாதமோ கண்ணுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் முன்னால் இருக்கிறது. வேலி மறைத்த திருப்பத்தில் நீங்கள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே பெடல் சாலைக்குள் நீட்டிவிடும். அங்கே முழுதாக நின்று, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்து, பிறகு அங்குலம் அங்குலமாக நகருங்கள். சாலை கடக்கும் சிக்னலின் பொத்தானுக்குக் கை எட்ட வேண்டுமானால், பாதத்தை அதற்கு நேராக நிறுத்தாமல் தோள் அதற்கு நேராக வரும்வரை கம்பத்தை ஒட்டிப் போக வேண்டும். சாலை விளிம்பு கம்பத்துக்கு மிக அருகில் இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள், கால் போக்குவரத்துக்குள் நீட்டும். இறங்கிப் போய் அழுத்துங்கள்.

கால்வாய்க் கரையில்

படகுகளைக் குதிரை இழுத்துச் சென்ற காலத்தில் அமைத்த பாதைகள் இவை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வேலி அல்லது புதர். நடப்பவர்கள், நாய்கள், தூண்டில் போடுபவர்கள், கட்டிநிற்கும் படகுகளின் கயிறு எல்லாம் இதற்குள்தான்.

தண்ணீர்ப் பக்கச் சக்கரம் விளிம்புக் கல்லிலிருந்து 30 செ.மீ. உள்ளே உருளட்டும். விளிம்புக்கல் ஈரத்தில் வழுக்கும், அதில் படகு கட்டும் இரும்பு வளையமும் இருக்கலாம். பாதை தண்ணீர்ப் பக்கம் சரிந்திருந்தால் வண்டியும் அந்தப் பக்கம் ஓடப் பார்க்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துப் போராடாதீர்கள், உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்தாலே இழுவை குறையும்.

பாலத்தின் கீழ் பாதை ஒடுங்கி வளையும், எதிரே வருபவர் தெரியமாட்டார். நுழைவதற்கு முன் நின்று பெல் அடியுங்கள், குரலும் கொடுங்கள். பதில் வந்தால் அவர் வரும்வரை வெளியே காத்திருங்கள், உள்ளே போய்ச் சந்தித்துவிட்டால் பின்வாங்க வேண்டியவர் பெரும்பாலும் நீங்கள்தான். பாலத்தை ஒட்டிய சரிவுகளில் குதிரைக் குளம்பு வழுக்காமலிருக்கக் குறுக்கே செங்கல் வரிசை எழுப்பியிருப்பார்கள். அவற்றில் பெடலை நிறுத்தி, நேராக, நடை வேகத்தில் ஏறி இறங்குங்கள்.

ஈர இலையும் சரளையும் சேர்ந்த ஏற்றத்தில் பின்சக்கரம் சும்மா சுற்றும். டாட்போலில் எடையின் பெரும்பகுதி முன்சக்கரங்கள் மேல் இருப்பதுதான் காரணம். ஏற்றத்துக்கு முன்பே சின்ன கியருக்கு மாறி, முதுகை இருக்கையில் நன்றாக அழுத்தி, ஒரே சீராக மிதியுங்கள். உதைத்து மிதித்தால் உடனே வழுக்கும். சாமான்களைப் பின்கேரியரில் வைத்தால் பிடிப்பு கூடும்.

இறக்கத்தின் அடியில் திருப்பம் இருந்தால் திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து முடியுங்கள். திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் எடை முழுவதும் வெளிப்பக்க முன்சக்கரத்தில் விழுந்து உட்பக்கச் சக்கரம் எழும்பும். எழும்பினால் ஹேண்டிலை லேசாக நேராக்குங்கள், உடம்பைத் திருப்பத்தின் உட்பக்கம் சாயுங்கள். டெல்டா இதைவிடச் சுலபமாகக் கவிழும்.

தடுப்புகளைக் கடத்தல்

மோட்டார் சைக்கிள்கள் நுழையாமலிருக்க வைத்த தடுப்புகள் டிரைக் ஓட்டுபவர்களையும் சக்கர நாற்காலிக்காரர்களையும்தான் முதலில் வெளியே தள்ளுகின்றன. நாட்டின் தேசிய சைக்கிள் பாதை வலையத்தில் மட்டும் 16,000-க்கு மேல் தடுப்புகள் இருப்பதாக 2018-இல் கணக்கெடுத்தார்கள். எனவே புதிய வழியில் போகுமுன் வரைபடத்தையும் தெருப் படங்களையும் பார்த்து, பாதையின் ஒவ்வொரு நுழைவிலும் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

*கம்பங்கள்.* கொடிக்கம்பால் அளந்து, நேர்க்கோட்டில் நடை வேகத்தில் போகலாம். கண்ணாடி இடிக்குமென்றால் மடக்குங்கள்.

*எதிரெதிர் வேலிகள்.* ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி வைத்து வளைந்து போகச் செய்யும் வேலி. உங்கள் திரும்பும் வட்டத்துக்கு இது போதாது. முதல் வேலியைத் தாண்டும் அளவுக்கு முன்னே போய் இறங்குங்கள், பூட்டு பிரேக்கை விடுங்கள், இருக்கையின் பின்னால் நின்று கேரியரைப் பிடித்து பின்சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். வண்டி முன்சக்கரங்களின் மேல் தள்ளுவண்டி மாதிரி நின்ற இடத்திலேயே திரும்பும். முழங்காலை மடக்கித் தூக்குங்கள். வண்டி 15–20 கிலோ என்றாலும் பின்பக்கம் தூக்கும்போது அதில் பாதிகூட வராது.

*சாய்ந்த தகடுகள், குறுகிய வாசல்கள்.* வண்டியைவிட வாசல் குறுகலாக இருந்தால் சாய்த்துக் கொண்டுபோகலாம். பையைக் கழற்றுங்கள். ஹேண்டில் ஆடாமல் ஒரு பட்டையால் சட்டத்தோடு கட்டுங்கள். வலப்பக்கம் நின்று ஒரு கையால் இருக்கையின் மேல்விளிம்பையும் மறு கையால் குறுக்குச் சட்டத்தையும் பிடித்து வலது முன்சக்கரத்தைத் தூக்குங்கள். இப்போது வண்டி இடது முன்சக்கரத்திலும் பின்சக்கரத்திலும் நிற்கும், சாதாரண சைக்கிள்போலத் தள்ளிக்கொண்டு போகலாம். கியர் வலப்பக்கம் இருப்பதால் அது தரையில் இடிக்காது.

*பூட்டிய வாசல்.* சில வாசல்களின் அகலக் கதவு ரேடார் சாவிக்குத் திறக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைகளைத் திறக்கும் அதே சாவிதான். உங்களுக்கு உரியதென்றால் வாங்கிச் சாவிக்கொத்தில் போட்டுவையுங்கள்.

உடல்நிலை காரணமாக இறங்கித் தூக்க முடியாதவருக்கு இவை எதுவும் விடையல்ல, அவரிடம் போய்த் தூக்கச் சொல்வது நியாயமும் அல்ல. தடுப்பின் இடைவெளியை அளந்து, அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து, இடக்குறியோடு உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதுங்கள். கடிதத்தில் எல்டிஎன் 1/20-இன் 1.5 மீட்டரையும் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தையும் குறிப்பிடுங்கள். அளவோடு எழுதிய கடிதத்தைப் பொதுவான புகாரைப்போல ஓரமாக வைத்துவிட முடியாது.

ஆட்கள், நாய்கள், குதிரைகள்

நடப்பவரைப் பின்னாலிருந்து நெருங்கினால் 15 மீட்டர் தூரத்திலேயே ஒரு தடவை பெல், பதில் இல்லையென்றால் குரல். அவர் காது கேளாதவராக இருக்கலாம் என்று எண்ணியே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு மீட்டர்கூட இல்லாத பாதையில் அவர் ஒதுங்கி நிற்கும்வரை முந்தாதீர்கள். நாயின் முகமும் உங்கள் முகமும் ஒரே உயரத்தில் இருக்கும், கட்டாத நாய் என்றால் நின்று, உரியவர் பிடித்ததும் போங்கள். நீளக் கயிற்றில் கட்டிய நாய் மறுபக்கம் நின்றால் கயிறு பாதையின் குறுக்கே இருக்கும், மாலை வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

குதிரைக்குத் தரையோடு ஊர்ந்து வரும் உருவம் பழக்கமில்லாதது. பெல் அடிக்காதீர்கள், தூரத்திலேயே பேசுங்கள். மனிதக் குரல் கேட்டால் அது அமைதியாகும். எதிரே வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள், ஏறியிருப்பவர் சொன்ன பிறகு நகருங்கள். குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட 1968-ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் அனுமதித்தது. ஆனால் அதில் எழுதியிருப்பது ‘பைசைக்கிள்’ என்ற சொல், மூன்று சக்கரம் அந்த எழுத்துக்குள் வராது. அத்தகைய பாதையில் போகுமுன் அதைப் பராமரிக்கும் கவுன்சிலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும்

சரளையும் சேறும் செயின் ஓடும் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் போய் அரைக்கும். துணியில் துடைத்தபடி செயினை முழுச் சுற்று ஓட்டி, காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள். மூன்று டயர்களிலும் முள்ளையும் கண்ணாடியையும் விரலால் தேடி எடுங்கள். விளிம்பு எதிலாவது பலமாக இடித்திருந்தால் அன்றே முன்சக்கரங்களின் இடைவெளியை மறுபடி அளங்கள், இணைப்புக் கம்பி வளைவது பெரும்பாலும் அப்படித்தான்.